புது லப்டொப் வாங்க முதல், படம் கீறுவது யார் என்று பாருங்கள்

"உன்ர லப்டொப் பழசாப் போச்சு. புதுசு ஒன்று வாங்கு."

விஎம்முக்குள் திரை இழுபடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற பதில் இதுதான். கடையில் நிற்கிறவர் இதைச் சொல்லுவார். ஐடியில் வேலை செய்கிற மாமா இதைச் சொல்லுவார். கேமிங் கணினி வைத்திருக்கிற மச்சான் உங்கள் லப்டொப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே இதைச் சொல்லுவார். மூன்று பேரும் உங்களிடம் ஒரு கேள்வி கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தப் பதிவு அந்தப் பதிலுக்கு எதிரானது. அது பெரும்பாலும் பிழையான பதில். ஒருவர் பிழையாகச் சொல்லுவது பெரிய குற்றம் இல்லை. ஆனால் இந்தப் பிழைக்குக் காசு கட்டுவது அதைச் சொன்னவர் இல்லை. ஒரு லப்டொப் 1,500 டொலர் என்று வையுங்கள். அம்மாவின் சம்பளம் மணிக்கு 20 டொலர் என்று வையுங்கள். வரி கழிக்காமலே 75 மணித்தியாலம். இரண்டு கிழமை முழு நேரமாக நின்று வேலை செய்த காசு. பவுணிலோ யூரோவிலோ குரோனரிலோ உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இவ்வளவும் எதற்கு? பல நேரங்களில், செற்றிங்ஸில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சரி போடாமல் விட்டதற்கு.

விஎம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். விஎம் என்றால் மெய்நிகர் இயந்திரம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் கட்டிய இன்னொரு கணினி. விண்டோஸ் லப்டொப்பில் வேர்ச்சுவல்பொக்ஸ் மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் உபுண்டு லினக்ஸை ஓட விடலாம். வெளியே இருப்பதை ஹோஸ்ட், அதாவது வீட்டுக்காரர் என்பார்கள். உள்ளே ஓடுவதை கெஸ்ட், அதாவது விருந்தாளி என்பார்கள். புதிதாக ஒன்றைப் பழக, உடைத்துப் பார்க்க, திரும்பப் பொருத்த இதைவிட நல்ல இடம் இல்லை. பிழைத்துப்போனால் விஎம்மை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

இப்போது ஏன் இந்தக் கதை

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை புரொசெசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ வீட்டு லப்டொப்புகள் ஒரே நாளில் "பழசு" ஆகிவிட்டன.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலிப் பிள்ளை என்ன செய்யும்? "லினக்ஸ் போட்டால் இது இன்னும் சில வருசம் ஓடுமா?" என்று யோசிக்கும். நேரே வட்டை அழிக்கப் பயம், அது நியாயமான பயம். எனவே முதலில் ஒரு விஎம்மில் போட்டுப் பார்க்கும். உபுண்டு திறக்கும். மெனு விக்கி விக்கி வரும். ஜன்னலை இழுத்தால் துண்டு துண்டாக நகரும். வீடியோ ஒன்றைப் போட்டால் விசிறி கத்தத் தொடங்கும். பிள்ளை இரண்டு முடிவுக்கு வரும்: லினக்ஸ் மெதுவானது, என்னுடைய லப்டொப் சரிவராது. இரண்டுமே அந்தப் பரிசோதனை காட்டாத விஷயங்கள். அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போகும்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். காசு போவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நட்டம், தானாக ஒன்றைத் தேடிப் பார்க்கத் தொடங்கிய பிள்ளை "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிடுவது.

கீறுவது யார்?

திரையில் நீங்கள் காணும் ஒவ்வொரு ஜன்னலையும் எழுத்தையும் யாரோ கீற வேண்டும். சாதாரணக் கணினியில் அந்த வேலையைக் கிராபிக்ஸ் சிப் செய்கிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் நிரப்புவதற்கென்றே செய்த சிப் அது.

விஎம்முக்குள் இருக்கும் விருந்தாளிக்கு அந்தச் சிப் தெரியாது. அதற்குத் தெரிவது மென்பொருளால் செய்த ஒரு பொம்மைக் கிராபிக்ஸ் கார்ட். சரியான டிரைவர் இருந்து, 3டி அக்செலரேஷன் என்ற வசதியும் திறந்திருந்தால், விருந்தாளி "இந்த இடத்தில் ஒரு ஜன்னலைக் கீறு" என்று சொல்ல, அந்தக் கட்டளை மொழிபெயர்க்கப்பட்டு வெளியே இருக்கும் உண்மையான சிப்புக்குப் போகும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் கட்டளை வெளியே போகாது. விருந்தாளி தன்னுடைய புரொசெசரை வைத்தே ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட்டுக் கீறும். லினக்ஸில் இந்தக் கைவேலையைச் செய்கிற மென்பொருளின் பெயர் எல்எல்விஎம்-பைப். அது ஒரு நல்ல மென்பொருள். கிராபிக்ஸ் சிப்பே இல்லாத இடத்திலும் திரையைக் காட்டுகிறது. ஆனால் உபுண்டு 2017 அக்டோபரிலிருந்து தருகிற குனோம் டெஸ்க்டொப் மாதிரி, எல்லாவற்றையும் கிராபிக்ஸ் சிப்பை நம்பிக் கீறுகிற ஒன்றை முழுநாளும் தூக்கிச் சுமக்க அதை வைத்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

இதை எங்களை விட நன்றாக விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் யாரும் இல்லை. நாங்கள் அம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளைகள். நாங்கள் இல்லாத நாளில் என்ன நடக்கும்? டொக்டர் கெட்டிக்காரர்தான், பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஆனால் இடையில் கதை சொல்ல ஆள் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து தானே கைமருந்து செய்துகொள்ளுவார். இப்போது யாரோ வந்து "டொக்டர் சரியில்லை, வேறு பெரிய டொக்டரைப் பாருங்கோ" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெரிய டொக்டருக்கும் தமிழ் தெரியாதே!

"புது லப்டொப் வாங்கு" என்பது அந்த மாதிரிப் புத்திமதி. புது லப்டொப்பிலும் அதே வேர்ச்சுவல்பொக்ஸ், அதே மூடிய பெட்டி, அதே கைமருந்து.

புதுசு சில வேளை இன்னும் மோசம்

இதை ஒருவரும் சொல்லுவதில்லை, ஆகவே கணக்கோடு சொல்லுகிறேன்.

உங்கள் பழைய லப்டொப்பின் திரை 1920க்கு 1080 என்றால், அதில் இருப்பது ஏறத்தாழ 20 லட்சம் புள்ளிகள். புது லப்டொப்பின் திரை 4கே, அதாவது 3840க்கு 2160 என்றால், 83 லட்சம் புள்ளிகள். சரியாக நாலு மடங்கு. ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், 4கே திரையின் ஒரேயொரு படம் 33 எம்பி. ஒரு செக்கனுக்கு 60 படம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 2 ஜிபி. ஒரு படத்தைக் கீறி முடிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு செக்கனின் 60இல் ஒரு பங்கு மட்டுமே. இதைப் புரொசெசர் கையால் கீற வேண்டும். புதுப் புரொசெசர் பழையதைவிட வேகம்தான். ஆனால் நாலு மடங்கு வேகமா? உங்கள் பழைய லப்டொப் மிகப் பழசு என்றால் ஒழிய, அநேகமாக இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புது விண்டோஸ் 11 லப்டொப்புகளில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது மைக்ரோசொஃப்டின் ஹைப்பர்-வியைக் கீழே வைத்துத்தான் வேலை செய்கிறது. அப்போது வேர்ச்சுவல்பொக்ஸ் புரொசெசரின் மெய்நிகர் வசதிகளை நேரே தொட முடியாமல், ஹைப்பர்-வியிடம் கேட்டுக் கேட்டு ஓட வேண்டி வருகிறது. விஎம் ஜன்னலின் கீழ்ப்பக்கம் சின்ன அடையாளங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பச்சை ஆமை தெரிந்தால் உங்களுக்கு நடப்பது இதுதான். பகிடி இல்லை, உண்மையாகவே ஆமைப் படம்தான் போட்டிருக்கிறார்கள்.

அதாவது நீங்கள் 1,500 டொலர் கொடுத்து ஒரு ஆமையையும் நாலு மடங்கு வேலையையும் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும்.

இரண்டு நிமிடப் பரிசோதனை

வாதம் போதும். யார் கீறுகிறார் என்று எப்படிப் பார்ப்பது?

உள்ளே ஓடுவது உபுண்டு என்றால், செற்றிங்ஸில் அபௌட் பக்கத்தைத் திறந்து கிராபிக்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அல்லது டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ என்ற சின்னக் கருவியை ஓடவிட்டு, ரெண்டரர் என்ற வரியைப் பாருங்கள். அங்கே எல்எல்விஎம்-பைப் என்று இருந்தால் கைமருந்து. எஸ்விஜிஏ-3டி என்றோ விர்ஜில் என்றோ இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்கிறார்.

உள்ளே ஓடுவது விண்டோஸ் என்றால், டிவைஸ் மனேஜரில் டிஸ்பிளே அடப்டர்ஸ் என்பதைத் திறவுங்கள். மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடப்டர் என்று இருந்தால், சரியான டிரைவர் இன்னும் ஏறவில்லை.

இந்த ஒரு வரியைப் பார்க்காமல் "உன் லப்டொப் பழசு" என்று சொல்லுகிறவர், காய்ச்சல் பார்க்காமல் மருந்து எழுதுகிறவர்.

சரி, திருத்துவோம்

எந்த மாற்றத்துக்கும் முன் விஎம்மின் ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது திருத்தியது என்று கடைசிவரை தெரியாது.

முதலாவது, அந்தப் பெட்டி. விஎம்மை முற்றாக நிறுத்திவிட்டு, வேர்ச்சுவல்பொக்ஸ் செற்றிங்ஸில் டிஸ்பிளே பக்கத்துக்குப் போங்கள். 3டி அக்செலரேஷனுக்குச் சரி போடுங்கள். அதே இடத்தில் வீடியோ மெமரியையும் பாருங்கள். சில வேளை அது 16 எம்பி மட்டும் இருக்கும். 4கே திரையின் ஒரு படமே 33 எம்பி என்று மேலே பார்த்தோம், அப்போது 16 எம்பி எந்த மூலைக்கு? 128க்கு ஏற்றுங்கள். லினக்ஸ் விருந்தாளிக்குக் கிராபிக்ஸ் கொன்ட்ரோலர் விஎம்-எஸ்விஜிஏ என்று இருக்க வேண்டும். விண்டோஸ் விருந்தாளிக்கு விபொக்ஸ்-எஸ்விஜிஏ.

இரண்டாவது, மொழிபெயர்ப்பாளர். வேர்ச்சுவல்பொக்ஸில் இதன் பெயர் கெஸ்ட் அடிஷன்ஸ், விஎம்வேரில் விஎம்வேர் டூல்ஸ். விண்டோஸ் விருந்தாளிக்கு இது கட்டாயம். லினக்ஸில் டிரைவரின் முக்கியமான பகுதி கேர்னலோடேயே வந்துவிடும். ஆனாலும் ஜன்னலின் அளவுக்குத் திரை தானாக மாற, கொப்பி பேஸ்ட் செய்ய இது வேண்டும். கேர்னல் புதுப்பித்த மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால், அடிஷன்ஸைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, புள்ளிகளைக் குறையுங்கள். 4கே லப்டொப் என்றால் விருந்தாளியின் திரையை 1920க்கு 1080 ஆக்குங்கள். வேலை நாலில் ஒன்றாகும். 125, 150 வீதம் என்ற இடைப்பட்ட பெருப்பித்தலை விருந்தாளிக்குள் போடாதீர்கள். பல இடங்களில் அது பெரிதாகக் கீறிப் பிறகு சுருக்குகிறது, அதாவது இரட்டை வேலை.

நாலாவது, ஆமை. விண்டோஸில் ஹைப்பர்-வியையும் அதைச் சேர்ந்த வசதிகளையும், கோர் ஐசொலேஷன் பக்கத்தில் மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்தினால் ஆமை போகலாம். ஆனால் கவனம். மெமரி இன்டெக்ரிட்டி கெட்ட டிரைவர்கள் உள்ளே நுழைவதைத் தடுக்கிற பாதுகாப்பு. அம்மாவும் அப்பாவும் வங்கிக் கணக்குப் பார்க்கிற கணினி என்றால் அதில் கை வைக்காதீர்கள். அதற்குப் பதில் வேறு மென்பொருளைப் பாருங்கள். விஎம்வேர் வேர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 மே மாதம் தனிப்பட்ட பாவனைக்கும், அந்த வருசம் நவம்பரில் எல்லோருக்கும் இலவசமானது. 3டி வேலையில் பல பேருக்கு அது வேர்ச்சுவல்பொக்ஸைவிட நன்றாக ஓடுகிறது. உங்களுக்குத் தேவை லினக்ஸ் டெர்மினல் மட்டும் என்றால் முழு டெஸ்க்டொப் விஎம்மே வேண்டாம், விண்டோஸோடு வரும் டபிள்யூஎஸ்எல் போதும்.

ஐந்தாவது, வீட்டுக்காரரின் நிலை. லப்டொப்பில் இரண்டு கிராபிக்ஸ் சிப் இருந்தால், விண்டோஸ் பல வேளை விஎம்மைச் சின்னச் சிப்பில் ஓட விடும். டிஸ்பிளே செற்றிங்ஸின் கிராபிக்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளுக்கு ஹை பெர்ஃபோமன்ஸ் என்று கொடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள், பற்றரியில் ஓடும்போது புரொசெசர் தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். விருந்தாளிக்குப் புரொசெசரின் எல்லாக் கோர்களையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். எங்கள் வீடுகளில் விருந்தாளிக்குப் பிறகுதான் வீட்டுக்காரர் சாப்பிடுவார். ஆனால் இங்கே வீட்டுக்காரர் பட்டினி கிடந்தால் விருந்தாளிக்கும் சாப்பாடு வராது. பாதிக்கு மேல் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இவ்வளவும் செய்தும் திரை கறுப்பாகிறது, கோடு கோடாக வருகிறது என்றால், 3டி பெட்டியைத் திரும்ப மூடிவிட்டு, குனோமுக்குப் பதில் எக்ஸ்எஃப்சிஇ மாதிரி இலகுவான டெஸ்க்டொப்பைப் போடுங்கள். அதைக் கையால் கீறினாலும் பெரிதாக மூச்சு வாங்காது.

மக்புக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் அப்பிளின் சொந்தச் சிப்புகள் ஆர்ம் வகை. இன்டெலுக்குச் செய்த விண்டோஸையோ லினக்ஸையோ அதற்குள் போட்டால், கிராபிக்ஸ் மட்டும் இல்லை, ஒவ்வொரு கட்டளையுமே மொழிபெயர்த்துத்தான் ஓடும். ஆமை கூட அதை முந்திவிடும். ஆர்ம் பதிப்பை இறக்கிப் போடுங்கள். மக்கை மாற்ற வேண்டியதில்லை, இறக்கிய ஃபைலை மாற்றினால் போதும்.

குற்றம் யாருடையது?

"ஒரு பெட்டியில் சரி போட்டால் தீரும் என்றால், அதைச் செய்தவர்களே போட்டு அனுப்பலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 3டியைத் திறப்பது என்றால் விருந்தாளியிலிருந்து வீட்டுக்காரரின் கிராபிக்ஸ் சிப்புக்கு ஒரு வாசல் திறப்பது. நம்பாத விருந்தாளிக்கு அந்த வாசலைத் திறக்காதே என்று வேர்ச்சுவல்பொக்ஸின் கையேடே சொல்லுகிறது. மைக்ரோசொஃப்ட் ஹைப்பர்-வியில் இதற்கென்று வைத்திருந்த ரிமோட்-எஃப்எக்ஸ் விஜிபியு வசதியை, பாதுகாப்பு ஓட்டைகள் காரணமாக 2020 ஜூலையில் முடக்கி, 2021 ஏப்ரலில் முற்றாக எடுத்துவிட்டது. ஆகவே வாசல் மூடியிருப்பதை நான் குறை சொல்லவில்லை.

மூடியிருக்கிறது என்று சொல்லாமல் விடுவதைத்தான் குறை சொல்லுகிறேன். விருந்தாளி கையால் கீறுகிறது என்பதைக் கண்டுபிடிப்பது இந்த மென்பொருளுக்குப் பெரிய வேலை இல்லை. "உங்கள் கிராபிக்ஸ் சிப் பாவிக்கப்படவில்லை, இங்கே மாற்றலாம்" என்று ஒரு வரி போட்டால் எத்தனை பேருடைய காசு மிஞ்சும்! அதற்குப் பதில் ஒரு ஆமையைக் காட்டிவிட்டு, ஏன் என்றும், என்ன செய்யலாம் என்றும் சொல்லாமல் பாவனையாளரைத் திகைக்க விடுகிறார்கள்.

இதைவிட மோசமான கதை என்விடியாவினுடையது. ஒரு கிராபிக்ஸ் கார்டை முழுதாக விஎம்முக்குக் கொடுத்துவிடும் முறை ஒன்று இருக்கிறது, பாஸ்த்ரூ என்பார்கள். ஜீஃபோர்ஸ் கார்டை அப்படிக் கொடுத்தால், அதன் விண்டோஸ் டிரைவர் தான் விஎம்முக்குள் இருப்பதைக் கண்டுபிடித்து, கோட் 43 என்ற பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். பல வருசம் இப்படியே நடந்தது. விஎம்முக்குள் பாவிக்க வேண்டுமென்றால் வேலைத்தலங்களுக்கான விலை கூடிய கார்டை வாங்க வேண்டும். கார்ட் பலவீனமானதால் நின்றதா? இல்லை. விஎம் என்பதை டிரைவருக்கு மறைத்தவர்கள் அதே ஜீஃபோர்ஸ் கார்டை விஎம்முக்குள் ஓட்டிக் காட்டினார்கள். 2021இல் 465 வரிசை டிரைவரோடு என்விடியாவே அந்தத் தடையை எடுத்தது. ஏற்கனவே விற்ற கார்டுகள், அதே சிப்புகள், புது டிரைவரோடு வேலை செய்யத் தொடங்கின. ஒரு திருகாணி கூட மாறவில்லை.

இந்தக் கதையை நினைவில் வைத்திருங்கள். "உன் ஹார்ட்வேர் காணாது" என்று யாராவது சொல்லும்போது, காணாதது ஹார்ட்வேரா, அல்லது யாரோ போட்ட பூட்டா என்று கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் சொல்லுவது

"இதோடு மாரடிக்கிற நேரத்தில் இரண்டு நாள் பகுதி நேர வேலைக்குப் போனால் காசு வந்துவிடும்" என்று சிலர் சொல்லுவார்கள். மேலே சொன்ன சோதனைக்கு இரண்டு நிமிடம். பெட்டிக்குச் சரி போட ஐந்து நிமிடம். எல்லாப் படியையும் ஆறுதலாகச் செய்தாலும் ஒரு பின்னேரம். எந்த வேலையிலும் ஒரு பின்னேரத்துக்கு 1,500 டொலர் கொடுக்க மாட்டார்கள்.

"விஎம் எப்போதும் மெதுவானதுதான்" என்று இன்னும் சிலர் சொல்லுவார்கள். இதில் பாதி உண்மை. புதிய 3டி விளையாட்டுகள், பெரிய வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்கு வீட்டு விஎம் சரியான இடம் இல்லை. சில ஒன்லைன் விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விஎம்முக்குள் ஓடவே மறுக்கும். அவற்றுக்காக மணிக்கணக்கில் செற்றிங்ஸ் மாற்றுவது வீண். ஆனால் எழுதுவது, புரோகிராமிங் பழகுவது, பிரவுசர் திறப்பது, ஜன்னலை நகர்த்துவது எல்லாம் விக்கக் கூடாது. விக்கினால் ஏதோ ஒன்று பிழையாக இருக்கிறது.

லப்டொப்பே உண்மையில் காணாமல் போகிற நேரமும் உண்டு. 4 ஜிபி ரம் உள்ள கணினியில் விஎம் ஓட்டுவது ஒரு கட்டிலில் ஆறு பேர் படுப்பது மாதிரி. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் எல்லாமே இழுபடும். ஆனால் அப்போதும் முதலில் விலை கேட்க வேண்டியது ரம்முக்கும் எஸ்எஸ்டிக்கும். பல பழைய லப்டொப்புகளில் ஒரு ஸ்குரூடிரைவரோடு வீட்டிலேயே மாற்றலாம். சில மெல்லிய லப்டொப்புகளில் ரம்மைப் போர்டோடு ஒட்டிவிட்டிருப்பார்கள், எனவே மொடல் இலக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வீட்டு லப்டொப்பில் லினக்ஸ் ஓடுமா என்று பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், விஎம் அதற்கான பரீட்சையே இல்லை. ஒரு 16 ஜிபி யூஎஸ்பி குச்சியில் உபுண்டுவை எழுதி, அதிலிருந்து லப்டொப்பைத் தொடங்கி, நிறுவாமலே பாவித்துப் பாருங்கள். அப்போது லினக்ஸ் உங்கள் கிராபிக்ஸ் சிப்பிடம் நேரே கதைக்கும், இடையில் விஎம் இல்லை. குச்சியிலிருந்து ஓடுவதால் ஒன்றைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதைப் பொருட்படுத்தாதீர்கள். திரை எப்படி அசைகிறது, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பாருங்கள். நிறுவும் பட்டனை அமத்தாத வரைக்கும் உங்கள் விண்டோஸுக்கும் படங்களுக்கும் ஒன்றும் ஆகாது.

ஆகவே அடுத்த முறை "புதுசு வாங்கு" என்று யாராவது சொன்னால், மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "மாமா, ரெண்டரர் வரியில என்ன இருக்கு எண்டு பார்த்தனீங்களா?" பார்த்திருந்தால் அவர் சொல்லுவதை ஆறுதலாக இருந்து கேளுங்கள், அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை என்றால் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அவரையும் இருத்தி, அந்த வரியைத் திறந்து காட்டுங்கள். அவருடைய வீட்டிலும் அலுமாரிக்குள் ஒரு "பழைய" லப்டொப் கிடக்கும்.